சர்வேயர் வீட்டு நொச்சி

தணிகாசலம் ஓய்வு பெற்ற சர்வேயர். ஊரில் பாதிப் பேருக்கு எல்லைக்கல் நட்டுக் கொடுத்தவர், மீதிப் பேரோடு சண்டை போட்டவர். ஓய்வுக்குப் பிறகு சண்டைக்கு ஆள் கிடைக்காமல் வீட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தார்.

"நாலு சுவரையும் திட்டியாச்சு. கைக்கு ஏதாவது வேலை தேடிக்கோங்க" என்றாள் மனைவி வேதவல்லி.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவர் செங்கமலத்தைப் பார்த்தார். நொச்சிக் குச்சியில் கூடை முடைகிறவள். அவரைவிட இருபது வயது இளையவள். ஒரு வியாபாரி அவள் கூடையைக் காலால் தள்ளி, கண்டபடி பேசிவிட்டுப் போனான். அவள் விளிம்பு கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"உனக்குக் கோபமே வராதாம்மா?"

"வருது சார். கை வேலையா இருந்துச்சு."

அந்த இடத்திலேயே அவளைக் குருவாக ஏற்றுக்கொண்டார். 'நீ' என்றது 'நீங்க' ஆகிவிட்டது. சந்தைக்கு நடுவே "குருவே" என்று கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை அப்படிக் கூப்பிட்டா எழுந்து போயிருவேன்" என்றாள் செங்கமலம். "என் நொச்சி என் கூடைக்கே பத்தாது. கத்துக்கணும்னா உங்க வீட்டுல வளர்த்து விளார் கொண்டாங்க."

விளார் என்றால் கிளை விடாமல் நீளமாக, வளைத்தால் வளைகிற குச்சி.

ஆடியில் தணிகாசலம் மதிலுக்கு வெளியே நாற்பது நொச்சிப் போத்து, வெட்டிய கிளைத்துண்டுகள், நட்டார். கயிறு பிடித்து, இடைவெளி அளந்து நட்டார். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. மறு வருஷம் ஐப்பசியில் எல்லாம் தலைக்கு மேல் நின்றன.

மழை பிடித்தது. தெருவுக்குச் சளி பிடித்தது.

ஆவி பிடிக்க, தலையணைக்கு அடியில் வைக்க, பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற, எல்லாவற்றுக்கும் நொச்சி இலை வேண்டும். ஒவ்வொருவராக வந்து நுனியை ஒடித்துப் போனார்கள். ஒடிந்த இடத்தில் இரண்டு கிளை வந்தது. கிளைத்த குச்சி கூடைக்கு ஆகாது.

தணிகாசலம் செங்கமலத்திடம் ஓடினார்.

"பதினோரு செடி நுனி போச்சு!"

"சார், நொச்சியை முதல்ல..."

"கேட்டுட்டு ஒடிச்சாக்கூடப் பரவாயில்லை. நான் குளிக்கப் போற நேரம் பார்த்து வர்றாங்க!"

சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவள் கூடைக்குத் திரும்பினாள்.

'பறிக்காதீர்' என்று பலகை எழுதி மாட்டினார். பலகைமேல் குடையை மாட்டிவிட்டு, இரண்டு கையாலும் ஒடித்தார்கள். மறுபடி ஓடினார்.

"இருபத்தாறு!"

"சார், அந்தச் செடியை நீங்க..."

"செடியா? அதைச் செடின்னு சொல்லாதீங்க. விளக்குமாறு!"

முள்கம்பி கட்டினார். அதில் வேதவல்லியின் புடவைதான் கிழிந்தது. மறுபடி ஓடினார். செங்கமலம் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னை ஒரு வார்த்தை பேச விடுவீங்களா, மாட்டீங்களா?"

"சொல்லுங்க. ஆனா முதல்ல இதைக் கேளுங்க..."

அவள் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

மார்கழியில் ஒரு காலை. மூலையில் ஒரே ஒரு செடி மட்டும் நுனி ஒடியாமல் நின்றது. தணிகாசலம் கதவைத் திறந்தபோது அதன் நுனி எதிர்வீட்டு ஜமீலாவின் கையில் இருந்தது. இடுப்பில் குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கிச்சு சார். மூணு நாளா தூக்கமே இல்லை. அதான்..."

அவருக்கு ஆத்திரம் பொங்கியது. உள்ளே போய் அரிவாளோடு வந்தார். கம்பியைப் பிய்த்து எறிந்தார். முதல் செடியிலிருந்து நாற்பதாவது செடி வரை தரையோடு வெட்டினார். வெட்டியதையெல்லாம் வாரித் தெருவில் வீசினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஜமீலாவின் குரல் கேட்டது.

"எல்லாரும் வாங்க! பிள்ளைக்குன்னு சொன்னேன், சார் தெருவுக்கே வெட்டிப் போட்டிருக்காரு!"

ஜன்னல் வழியே பார்த்தார். தெருவே உட்கார்ந்து இலை உருவிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் அவர் வீட்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

மதியம் ஜமீலா தூக்குவாளியில் நெய்ச்சோறு கொண்டுவந்தாள். "பிள்ளை தூங்குறான் சார்" என்றாள். அவர் தூக்குவாளியை வாங்கிக்கொண்டார். சாப்பிட முடியவில்லை.

சாயங்காலம் செங்கமலத்தின் முன்னால் போய் நின்றார்.

"எல்லாத்தையும் வெட்டிட்டேன்."

"எவ்வளவு விட்டு வெட்டினீங்க?"

"தரையோட."

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். "அதைச் சொல்லத்தான் சார் ரெண்டு மாசமா வாயைத் திறக்கிறேன்! முதல் வளர்த்தியைத் தரையோட வெட்டிறணும். அப்புறம் தூர்ல இருந்து கிளம்புறதுதான் விளார். நேரா வரும்."

தணிகாசலத்தின் முகம் மலரவில்லை.

"அதில்லம்மா. நான் ஆத்திரத்துல வெட்டினேன். எவனுக்கும் ஒரு இலை கிடைக்கக் கூடாதுன்னு வெட்டினேன். அவங்க கும்பிடுறாங்க. இலை ஒடிச்ச எதிர்வீட்டுப் பொண்ணு நெய்ச்சோறு தருது. போய் உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா?"

"என் மனசு லேசாகும்."

"அந்தப் பொண்ணு மனசு?"

அவர் முதல் தடவையாக அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப நான் என்னதான் பண்றது? கெட்ட புத்தியில செஞ்சதுக்கு நல்ல பேர் வந்துருச்சே. இதை எப்படிச் சுமக்கிறது?"

செங்கமலம் ஒரு விளாரை வளைத்துச் சொருகினாள்.

"நொச்சியை வருஷா வருஷம் வெட்டணும் சார்."

"சரி."

"அடுத்த மார்கழிக்கும் கோபம் வந்தாத்தான் வெட்டுவீங்களா?"