வராத டிஸ்க்

"டீச்சர், செத்துப்போச்சு."

வியாகுலம் வாசலில் நின்றபடியே சொன்னார்.

கடற்கரை ஊரின் சின்ன வானொலி நிலையத்தில் அவர் அறிவிப்பாளர். அவர் எச்சரித்தால் அந்தக் கரையில் எந்தப் படகும் நங்கூரம் எடுக்காது. கம்ப்யூட்டரை மட்டும் தன்னைவிட இளையவளான ஹபீபாவிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

"என்ன செத்துச்சு?"

"நிலையத்து லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டிதான். அது எழுந்தாத்தான் ஒலிபரப்பே. ஆன் பண்ணா கம்பெனிப் படம் வருது. அதோட உறைஞ்சு போயிருது. சாயங்காலம் காத்து பலமா அடிக்கும்னு தகவல் வந்திருக்கு டீச்சர். போட்டெல்லாம் கிளம்புறதுக்குள்ள சொல்லியாகணும்."

ஹபீபா செருப்பை மாட்டினாள்.

நிலையத்தில் திரை நடுவே அந்தப் படம் அசையாமல் நின்றது. வியாகுலத்தின் கை சுவிட்சுக்குப் போனது.

"கையை எடுங்கண்ணே."

"ஒரு தடவை அணைச்சுப் போட்டா..."

"காலையில இருந்து அதைத்தானே பண்ணினீங்க?"

கையை எடுத்தார்.

"அது என்ன சொல்லுது?"

"ஒண்ணுமே சொல்லல. அதானே தொல்லை."

"கேட்டீங்களா?"

வியாகுலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே படகுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவள் என்னவென்றால் விடுகதை போடுகிறாள்.

"பெட்டிகிட்ட எப்படிக் கேக்கிறது?"

ஹபீபா விசைப்பலகையின் மூலையில் இருந்த எஸ்கேப் பொத்தானைத் தட்டினாள். படம் மறைந்தது. கறுப்புத் திரையில் வரிவரியாக எழுத்துகள்.

"கடைசி வரியைப் படிங்க."

குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறதாம். பக்கத்தில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்கு, வரம்பு இல்லை என்று போட்டிருந்தது.

"உறைஞ்சு போனதுல நொடி ஓடுமா?"

அவர் ஓடும் நொடிகளை உற்றுப் பார்த்தார்.

"நேத்து என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல." சற்று யோசித்தார். "பாட்டெல்லாம் இருந்த ரெண்டாவது டிஸ்க் கரகரன்னு சத்தம் போட்டுச்சு. கழட்டி ரிப்பேருக்கு அனுப்பினேன். அதை நம்பியா இது ஓடுது? முக்கியமானது எல்லாம் முதல் டிஸ்க்லதானே இருக்கு?"

"கழட்டினது உங்களுக்குத் தெரியும். அதுகிட்ட யாரு சொன்னா? அந்த டிஸ்க் எந்திரிக்கவே நேரமாகும். அது வர்ற வரைக்கும் நில்லுன்னு நான்தான் எழுதி வச்சிருந்தேன். நிக்குது."

பெட்டியை மறுபடி கிளப்பி, பழுது பார்க்கும் வழியாக உள்ளே போனாள். தான் எழுதி வைத்திருந்த, டிஸ்க்கின் பெயர் இருந்த வரியில் விரல் வைத்தாள்.



"இந்த வரியை அழிச்சிரட்டுமா டீச்சர்?"

"ஏன்? நாளைக்கே சரியாகி வந்துட்டா?"

"அப்ப அப்படியே விட்டுரட்டுமா?"

"விட்டா மறுபடி நிக்கும்."

விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

"வரி ஓரத்துல ஒரு வார்த்தை சேருங்க." ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஒற்றை விரலால் தட்டினார். நோஃபெயில்.

"பரீட்சையில பாஸாகணும்னு சொல்ற மாதிரில்ல இருக்கு?"

"வந்தா சேத்துக்கோ, வராட்டி நீ மேல போ. அதான் அர்த்தம்."

பெட்டி எழுந்தது. வியாகுலம் மைக்கின் முன்னால் உட்கார்ந்து காற்று எச்சரிக்கையை நிதானமாக வாசித்தார். திரும்பவும் வாசித்தார். ஜன்னலுக்கு வெளியே ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஒருவன் படகில் ஏற்றிய வலையை இறக்க ஆரம்பித்தான்.

ஹபீபா கிளம்பத் தயாரானாள். வியாகுலம் நாற்காலியை விட்டு எழவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், செல்போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"லூர்து, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிரு. பிரின்சி கல்யாணத்தைத் தை மாசமே வச்சுக்கலாம்."

மறுமுனையில் லூர்து பதறினாள். "கூடப்பிறந்த அண்ணன் இல்லாமலா? கோவிச்சுட்டுப் போன பய எங்கே இருக்கான்னே தெரியல. அவன் வந்தப்புறம்தான்னு நீங்கதானே இத்தனை வருசமா..."

"கல்யாணப் பத்திரிகையில அவன் பேரையும் போட்டுரு," என்றார் வியாகுலம்.