சருகில் போட்ட முடிச்சு

சத்தம் போடாமல் கேளுங்கள். ஒரு தடவைதான் சொல்வேன்.

முன்னொரு காலத்தில் மலையடிவாரத்தில் ஒரு ராஜா இருந்தான். அவனை விடுங்கள். கதை அவன் தோட்டக்காரன் மாசிலனைப் பற்றியது.

மாசிலனின் பெண்சாதி பூவாயி காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளைகுட்டி இல்லை. அவளுடையது என்று மிஞ்சியது ஒரு பாத்தி வாளிலைச் செடி. இலை வாள் மாதிரி, பூ ஊதா, மண்ணுக்குள் கிழங்கு. பூ ஓய்ந்ததும் இலைகளைச் சேர்த்து முடிந்துவிடுவது அவள் வழக்கம். அவள் கை கடைசியாகச் செய்த வேலை அதுதான். முடிச்சுகள் காய்ந்து சருகாயின. மாசிலன் தொடவில்லை. சாயங்காலமானால் பாத்தியோரம் உட்கார்ந்து அவற்றோடு பேசுவான். வேறு யாரோடும் பேச மாட்டான்.

மூன்று பூச்சிகள் வீடு தேடி அந்தப் பக்கம் வந்தன.

“எனக்கு இளங்குருத்து போதும்” என்றது அசுவினி.

“எனக்கு இலையிடுக்கு. வெயிலும் வேண்டும்” என்றது இலைப்பேன்.

“எனக்குப் பழஞ்சருகு. அதில்தான் என் முட்டை பிழைக்கும்” என்றது அந்துப்பூச்சி.

அசுவினி சிரித்தது. “எந்தத் தோட்டக்காரன் சருகை விட்டுவைப்பான்?”

“இவன் வைத்திருக்கிறானே. அதுவும் முடிச்சோடு.”

அசுவினி வந்தது, தண்ணீர் அடித்து விரட்டினான். இலைப்பேன் வந்தது, வேப்பங்கரைசல் தெளித்து விரட்டினான். அந்துப்பூச்சி வந்ததை அவன் பார்க்கவேயில்லை.

மழை பெய்தது. முட்டைகள் பொரிந்தன. புழுக்கள் புதுக்குருத்தைத் துளைத்துக் கிழங்குக்குள் இறங்கின. செடிகள் மஞ்சளித்துச் சாய்ந்தன.

பக்கத்துவீட்டுப் பானைக்காரி செல்லாண்டி வேலிக்கு அப்பால் நின்றாள்.

“என்ன அண்ணே, சருகைக் கழிக்கவில்லையா?”

“அவள் போட்ட முடிச்சு.”

“அண்ணி இருந்தால் உன் மண்டையில் குட்டியிருப்பாள். முடிச்சுப் போட்டதும் அவள்தான், காய்ந்ததும் அறுத்து அடுப்பில் வைத்ததும் அவள்தான். நீ பார்த்ததில்லை?”

பார்த்திருக்கிறான்.

மண்வெட்டியை எடுத்தான். தோண்டிய கிழங்கெல்லாம் அழுகல். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு, தனியாக. ஓரத்தில் ஒன்று மட்டும் கெட்டியாக இருந்தது. அதை வேறு மண்ணில் வைத்தான். முடிச்சுகளை அறுத்தான், குவித்தான், தீ வைத்தான்.

மறுவருஷம் ஒரு பூ பூத்தது. ஓய்ந்ததும் இலைகளை அவனே முடிந்தான். காய்ந்ததும் அவனே அறுத்து எரித்தான்.

அன்று சாயங்காலமும் பாத்தியோரம் உட்கார்ந்தான். பேச முடிச்சு இல்லை. செடி இருந்தது.

செத்ததைக் கழிக்க மனம் வராதவன், உயிரோடு இருப்பதையும் பறிகொடுப்பான்.