நசுங்காத எலுமிச்சை

"கை நடுங்குது அம்மணி. அந்தக் கார்ல உக்காந்தா மட்டும் நடுங்குது" என்றார் சென்னியப்பன்.

மரகதம் ஒரு டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஒரு காலத்தில் பந்தயக் கார் ஓட்டிக் கோப்பைகளாக வாங்கிக் குவித்தவள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். கோயமுத்தூருக்கு வெளியே, விமானம் இறங்காத ஒரு பழைய ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவளிடம் வருகிறவர்களுக்கு மீசை அப்போதுதான் அரும்பியிருக்கும். சென்னியப்பனுக்கு மீசை நரைத்தே வெகுகாலம் ஆகிவிட்டது. பம்புசெட்டு செய்கிற ஃபவுண்டரிக்கு முதலாளி.

கார் ஓட்டத் தெரியாதா என்று கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது. திம்பம் மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரியை ஓட்டி இறக்கியவர் என்பதைச் சொல்லிவைத்தார்.

"அப்ப நடுங்கறது கைதானுங்களா? காரு நடுங்கலீங்களா?"

"காரு எப்படி நடுங்கும்? நான் அதை ஸ்டார்ட் பண்ணுனதே இல்லையே."

"மொதல்ல அதை நடுங்க வெச்சுட்டு வாங்கண்ணா."

சொல்லிவிட்டு அடுத்த டயருக்குப் போய்விட்டாள்.

*

இத்தாலிக்காரர்கள் அந்தக் காலத்தில் பந்தயத்துக்கென்றே செய்த கார் அது. சின்னது, சிவப்பு. ஒரே ஆள்தான் உட்காரலாம். கூரை இல்லை, கதவு இல்லை. குளியல் தொட்டிக்கு நாலு சக்கரம் மாட்டியது போலிருக்கும்.

ஏலம் விடுகிற கூடத்தில் யாரோ அதைக் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள். பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தான் காரை வாங்கினார்.

வாங்கிய பிறகு அந்தச் சத்தத்தை அவர் கேட்கவேயில்லை.

ஓடாத காருக்குத்தான் மதிப்பு என்று சக சேகரிப்பாளர்கள் ஓதினார்கள். வீட்டோடு சேர்த்து ஒரு கண்ணாடி அறை கட்டி, காரை உள்ளே வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார். எப்போதாவது மெல்ல ஏறி உட்காருவார். கை நடுங்கும். இறங்கிவிடுவார்.

வெள்ளிக்கிழமை அந்தக் கார் போகிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் கேட்டிருந்தார். பேசி முடித்தவன் மகன் தனசேகர். லாரி வருகிற அன்று அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை எஞ்சின் ஓடக்கூடாது, ஒரு கீறல் விழக்கூடாது. அதுதான் நிபந்தனை. அப்பாவும் தலையாட்டியிருந்தார். ஆட்டிய பிறகு அந்தத் தலை கனத்துக்கொண்டே வந்தது. கார் போய்ச் சேருகிற இடத்திலும் ஒரு கண்ணாடி அறைதான் காத்திருக்கிறது.

*

மறுநாள் திரும்ப வந்தார்.

நடுங்க வைக்க முடியவில்லை என்றார். பெட்ரோல் ஊற்றினால் அறையெல்லாம் நாறும், புகை கண்ணாடியில் படியும், மகன் கண்டுபிடித்துவிடுவான் என்று காரணங்களை அடுக்கினார். மரகதம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில்தான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

"கீறல் விழுந்துட்டா?"

மரகதம் சட்டைக் கையைச் சுருட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு பழைய தழும்பு.

"இது எந்த வளைவுல விழுந்துதுன்னு கேளுங்க."

"எந்த வளைவுல?"

"மூணாவது வளைவு. முன்னால போனவன் வழிவிடல. நான் நிறுத்தல."

கையை இறக்கிப் பொத்தானைப் போட்டாள்.

"உங்க கார்ல ஒரு கீறலைக் காட்டுங்க. நான் கேக்கறேன்."

*

சென்னியப்பன் அவளை வீட்டுக்கு அழைத்துப்போனார். காரைப் பார்த்தால் மனசு மாறும், பத்திரமாக ஓட்டும் வித்தை ஏதாவது சொல்லிக்கொடுப்பாள் என்ற நப்பாசை.

போன வாரம்தான் ஆயுத பூஜை முடிந்திருந்தது. சந்தனமும் குங்குமமும் காரில் இல்லை, கண்ணாடிச் சுவரில் ஒட்டிய காகிதத்தில் இருந்தன. அர்ச்சகர் அறைக்கு வெளியே நின்றுதான் சூடம் காட்டியிருக்கிறார். பெயின்ட் கெட்டுவிடுமாம். அந்தக் காருக்குச் சாமியே தூர நின்றுதான் அருள் பாலிக்க வேண்டும்.

மரகதம் குனிந்து பார்த்தாள்.

டயர் தட்டையாகிவிடக்கூடாதென்று கார் நாலு ஸ்டாண்டின் மேல் நின்றது. சக்கரங்கள் தரையைத் தொடவில்லை. தொடாத ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஓர் எலுமிச்சம்பழம், மேலே சாண் இடைவெளியோடு, முழுசாக உட்கார்ந்திருந்தது.

"வருசா வருசம் வெக்கறீங்களா?"

"தவறாம வெச்சிருவோம்" என்றார் பெருமையாக.

"ஏத்தி நசுக்குனாத்தானுங்களே திருஷ்டி கழியும்?"

சென்னியப்பன் குனிந்து பழங்களைப் பார்த்தார்.

மரகதம் நாலு பழத்தையும் பொறுக்கி எடுத்தாள். நேரே சமையலறைக்குப் போய் அவர் மனைவி வள்ளிநாயகியிடம் கொடுத்து, உப்புப் போட்டு ஜூஸ் பிழியச் சொன்னாள்.

"அம்மணி, அது சாமிக்கு வெச்ச பழம்."

"நசுங்காத பழம் வேறெதுக்குங்கண்ணா ஆகும்?"

வள்ளிநாயகி மறுபேச்சில்லாமல் பிழிந்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மரகதம் ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போய்விட்டாள். சென்னியப்பனுக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தார். பல் கூசியது. கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால், தன்னைத் தவிர வேறு யாரும் அகப்படவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலையில் லாரி வந்து கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. தனசேகர் காகிதங்களும் பேனாவுமாகக் கண்ணாடி அறைக்குள் வந்தான். வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கார் தரையில் நின்றது. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. நெற்றியில் சந்தனம் பூசிக்கொண்டு அப்பா காருக்குள் இருந்தார். காரின் மூக்கிலும் சந்தனம். நாலு சக்கரத்துக்கும் முன்னால் புதுப் பழம் வைத்து, வாசல் பக்கக் கண்ணாடிக் கதவையும் அகலத் திறந்துவிட்டு அம்மா ஒதுங்கி நின்றாள்.

"அப்பா, எறங்குங்க. எல்லாம் கெட்டுப்போயிரும்" என்று கெஞ்சினான் மகன்.

"கெட்டுப்போறதுக்குத்தான் ஏறியிருக்கேன்டா சாமி. காகிதத்தைத் திருப்பிக் குடுத்துரு."

சுவிட்சை அழுத்தினார்.

முதலில் ஓர் இருமல். பிறகு அந்தச் சத்தம். கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது, ஸ்டியரிங் அதிர்ந்தது, அவருடைய நெஞ்செலும்பு அதிர்ந்தது. நடுங்குவது கையா காரா என்று பார்த்தார். தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. இத்தனை வருஷமும் இதை வாய்பொத்தி வைத்திருந்தோமே என்று அழுகை முட்டியது.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. சாறு தெறித்து மகனுடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

கேட்டில் லாரிக்கும் தூணுக்கும் நடுவே சின்னதாய் ஒரு சந்து. லாரியை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். டிரைவர் முதலாளி மகனைப் பார்த்தான். மகன் தலையை ஆட்டி வேண்டாமென்றான்.

*

மரகதத்துக்குக் கார் வருவதற்கு முன்பே சத்தம் வந்தது. ஓடுதளத்தில் இருந்த பையன்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

சிவப்புக் கார் அவள் முன்னால் வந்து நின்றது. மூக்கிலிருந்து வால் வரைக்கும் பெயின்ட் உரிந்து, வெள்ளையாக ஒரே கோடு.

மரகதம் அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். கடைசி வரைக்கும் வந்தாள்.

"இது எந்த வளைவுங்கண்ணா?"

"எங்கூட்டு வாசல்லயே அம்மணி. லாரிக்காரன் வழிவிடல."

சென்னியப்பன் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டார்.

"நான் நிறுத்தல."