மயிலாத்தா தொட்டியை ஊறப்போட்ட கதை

கலங்கின தண்ணின்னா அழுக்குத் தண்ணி, தெளிஞ்ச தண்ணின்னா சுத்தமான தண்ணின்னு இந்த உலகமே நம்பிக்கிட்டு இருக்குது, சாமி. அது தப்பு. சின்னத் தப்புன்னு நெனைச்சுக்காத. எத்தனையோ மீனுங்க உசுரை வாங்கின தப்பு. யாராவது ஒருத்தர் இதைத் திருத்தியே ஆகணும். வேற ஆளு கிடைக்கல, அதனால நாமளே திருத்திடலாம். போர்வையை இழுத்துக்க. நடுநடுவுல ம் சொல்லணும். சொல்லலைன்னா கதை அங்கியே நின்னுக்கும்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு சலவைக்கடை. கடைக்காரம்மா பேரு மயிலாத்தா. வெத்தலைக் கறையா, மயிலாத்தாகிட்ட கொண்டு போ. மாங்காப்பால் கறையா, மயிலாத்தாகிட்ட கொண்டு போ. துணியை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ஒத்தைக் கண்ணால பாப்பா. அப்புறம் "போகும்"னு ஒரே வார்த்தை. அவ போகும்னா அந்தக் கறை போயே தீரணும். அந்தப் பெருமை அவ நடையிலயே தெரியும். கடைப்படி இறங்கி வந்தான்னா தேர் இறங்கி வர்ற மாதிரி இருக்கும்.

அப்புறம் அவ கடைக்குப் புதுசா பெயின்ட் அடிச்சா. வெறும் பெயின்ட் போதுமா? வாசல்ல ஒரு கண்ணாடித் தொட்டி வெச்சு தங்கமீன் விடணும்னு ஆசை வந்துச்சு. பளிங்கு மாதிரித் தண்ணியைப் பாத்ததுமே ஜனங்களுக்கு, இவகிட்ட குடுத்தா துணியும் இப்படித்தான் வரும்னு தோணணுமாம். மீன்கடை வள்ளிநாயகி அவளுக்கு சிநேகிதி. அவதான் வந்து கூழாங்கல்லைப் பரப்பி, தண்ணியைப் பஞ்சு வழியா வடிகட்டற மோட்டாரை மாட்டி விட்டா. குபுகுபுகுபுன்னு அது ஓடுச்சு. மீனுங்க விசுக் விசுக்குனு திரும்புச்சு. புதுத் தொட்டி கொஞ்ச நாளைக்குக் கலங்கத்தான் செய்யும், கண்டுக்காதேன்னு சொல்லிட்டு வள்ளிநாயகி போயிட்டா.

ம்?

ம்.

அப்போ பாரு, ரெண்டு நாள் கழிச்சுத் தண்ணி வெளுத்துப்போச்சு. பால் மாதிரின்னு சொல்லுவாங்க. சரியாச் சொல்லணும்னா பால் மாதிரி இல்ல, நம்ம பால்காரர் ஊத்தற பால் மாதிரி. சரியா அந்த நேரம் பாத்து ரைஸ்மில் நாச்சிமுத்து வந்தாரு. ஊர்லயே வெள்ளையான வேட்டி அவரோடதுதான். மக கல்யாணத்துக்கு வீட்டு வேட்டி சட்டை மொத்தத்தையும் மூட்டை கட்டிக் கொண்டாந்திருந்தாரு. தொட்டியைக் குனிஞ்சு பாத்தாரு. நிமிந்து மயிலாத்தாளைப் பாத்தாரு.

"ஏனம்மணி, என்ற மில்லுல அரிசி கழுவற தண்ணி இங்க எப்படி வந்துச்சு? என்ற வேட்டியையும் இதுலதான் அலசறீங்களா?"

கடையில நின்னவங்க எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. நாச்சிமுத்து மூட்டையைத் திரும்ப அக்குள்ல வெச்சுக்கிட்டு, இது தெளியட்டும், அப்புறம் வாரேன்னு சொல்லி நடந்துட்டாரு. அவ கைக்கு வந்த துணி வெளுக்காமத் திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை. மயிலாத்தாளுக்கு மூஞ்சி செவசெவன்னு ஆயிப்போச்சு.

அப்புறம் சும்மா இருப்பாளா? முந்தானையை இழுத்துச் சொருகினா. மீனுங்களை வாளியில விட்டா. தொட்டித் தண்ணி மொத்தத்தையும் கொட்டினா, கல்லை எல்லாம் சரக் சரக்குனு தேச்சு வெயில்ல காய வெச்சா, புதுத் தண்ணி ஊத்தினா. பளிச்சுனு இருந்துச்சு. ரெண்டு நாளு. அப்புறம் பழையபடி பால்காரர் பாலு.

அப்போ படிகாரத்தை எடுத்தா. கிணத்துத் தண்ணிக்குப் போடற மாதிரி தொட்டிக்குள்ள சுத்து சுத்துனு சுத்தினா. கலங்கல் அடியில போய்ப் படிஞ்சுது. விடிஞ்சா மறுபடியும் கலங்கல். மீனுங்க ஒரு மூலையில ஒண்டிக்கிட்டு நின்னுச்சு.

மூணாவதா பஞ்சு மேல கோபம் திரும்புச்சு. இவ்வளவு அழுக்கை வெச்சுக்கிட்டு இது எங்க வடிகட்டப் போகுதுன்னு, பஞ்சைப் பிடுங்கிக் கொதிக்கிற தண்ணியில போட்டு, கசக்கிப் பிழிஞ்சு, கொடியில கிளிப்பு மாட்டி உலர்த்தினா. பஞ்சு வந்துச்சு பாரு, புதுச் சட்டைக் காலர் மாதிரி. அதைத் திரும்ப மாட்டின மறுநாள், மீனுங்க எல்லாம் தண்ணிக்கு மேல வந்து வாயை வாயைப் பொளந்துச்சு. ப்ளக்... ப்ளக்... ப்ளக்.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அதைப் பாத்ததும் மயிலாத்தா கையில இருந்த துணியைப் போட்டுட்டு எந்திரிச்சா. பேரு போனாப் போகுது, இந்த உசுருங்க போயிடக் கூடாதுன்னு ஓடினா வள்ளிநாயகிகிட்ட. அவ எல்லாத்தையும் கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. தண்ணியைக் காக்கறதே கண்ணுக்குத் தெரியாத சின்ன உசுருங்கதான், மீனோட கழிவைத் தின்னுட்டு அதுங்க பஞ்சுலயும் கல்லுலயும் குடியிருக்கும், புதுத் தொட்டியில அதுங்க குடியேறி நிலைக்கிற வரைக்கும் தண்ணி கலங்கும்னு விளக்கினா.

"நீ தினமும் அதுங்களைக் காலி பண்ணி அனுப்பிக்கிட்டு இருக்கற. வெளுக்கறதுக்கு ஒரு அளவு வேண்டாமா, மயிலு?"

சொல்லிட்டு அவ கடைத் தொட்டியில பல மாசமா ஊறிக் கிடந்த ஒரு பஞ்சைப் பிச்சுக் குடுத்தா. பழுப்பு நிறம், கொழகொழன்னு சேறு, குளத்து நாத்தம். இதை உன்ற தொட்டியில போடு, தொட்டித் தண்ணியில கொஞ்சம் மட்டும் எடுத்துட்டு வாளியில ஒரு நாள் பிடிச்சு வெச்ச தண்ணியை ஊத்து, தீனியைக் கிள்ளிப் போடு, கழுவாதேன்னா.

மயிலாத்தா அதை ரெண்டே விரல்ல பிடிச்சுக்கிட்டு வந்தா. கடைக்குள்ள நுழைஞ்சதும் காலு தன்னால குழாய்கிட்டப் போயிடுச்சு. குழாயைத் திறந்துட்டா. சொர்ர்ர்ருனு தண்ணி. கையில ஊர்லயே அழுக்கான பொருளு. அவ புருஷன் ஆறுச்சாமி இஸ்திரிப்பெட்டியைத் தூக்கின கையோட அப்படியே நின்னுட்டாரு. மீனுங்க ப்ளக்குனுச்சு. மயிலாத்தா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. குழாயை மூடினா. சேறு சொட்டச் சொட்ட அந்தப் பஞ்சைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள்ள சளக்குனு போட்டா.

அவ வாழ்க்கையிலயே கறையைப் பாத்துக் கையைக் கட்டினது அன்னிக்குத்தான்.

அப்புறம் தொட்டி பக்கத்துலயே நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டா, யாரும் தொடாம பாத்துக்கறதுக்கு. அதுல முக்கியமா அவளே. போறவங்க வர்றவங்க எல்லாம், என்ன மயிலாத்தா, இன்னும் தெளியலையான்னு குத்திக் கேட்டாங்க. அவ முகத்தை நிமித்தி, "ஊறுதுங்க"ன்னா. அந்த "போகும்" சொல்ற அதே குரலு.

ம்?

...ம்.

கலங்கல் கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சுது. மொதல்ல கல்லு தெரிஞ்சுது. அப்புறம் பின்னாடி சுவரு தெரிஞ்சுது. அப்புறம் ஒரு நாள் காலையில, தொட்டியில தண்ணி இருக்குதா இல்லையான்னே தெரியல. மீனுங்க காத்துல பறக்கற மாதிரி பளபளன்னு போச்சு. ஒண்ணுகூடச் சாகல.

நாச்சிமுத்து மூட்டையோட வந்தாரு. கண்ணாடியை விரலால டொக் டொக்குனு தட்டினாரு. உள்ள கிடந்த பழுப்புப் பஞ்சையும் பாத்தாரு. என்ன மருந்தம்மணி போட்டீங்கன்னு மெதுவாக் கேட்டாரு.

மயிலாத்தா படியிறங்கி வந்தா. கொடி கட்டின தேர் மாதிரி வந்தா.

"ஒண்ணுமே பண்ணலைங்க. ஊர்ல வேற யாராலயாவது முடியுதான்னு கேட்டுப் பாருங்க."

நாச்சிமுத்து மூட்டையை மேசை மேல வெச்சாரு.

அதுக்கப்புறம் அந்தக் கடையில துணியும் ஒரு நாள் கூடுதலா ஊறுது, அதனால பிந்தித்தான் கிடைக்குது.

கதை கரை ஏறிடுச்சு, கண்ணை மூடு சாமி.