ஃபியட் வெளியே வந்த வழி

உடுமலையில பஸ் ஏறி மேற்கே அரை மணி நேரம் போனா கரட்டுப்புதூர் வரும். டிரைவர் நிறுத்த மறந்துட்டாலும் நாங்க வாயைத் திறக்க மாட்டோம். அடுத்த ஊர்ல இறங்கி, பொடிநடையா திரும்பி வந்துருவோம். டிக்கெட் வாங்குங்கன்னு எழுதிப் போட்டிருக்காங்க, வாங்கறோம். நிறுத்தச் சொல்லுங்கன்னு எங்கேயும் எழுதலையே! சொன்னதைச் சொன்னபடி செய்யறதுல எங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. அதைப் பெருமையா வேற சொல்லிக்கிட்டுத் திரியறோம், பாருங்க.

நாச்சிமுத்து எங்க ஊர்க்காரர்தான். பால் சொசைட்டியில முப்பத்தோரு வருசம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவர்கிட்ட ஒரு பழைய ஃபியட் கார் இருந்தது. மலை எஸ்டேட் துரை ஒருத்தர் விட்டுட்டுப் போனதை ஆசைப்பட்டு வாங்கி, வீட்டை ஒட்டின ஓட்டு ஷெட்டுல நிறுத்தி ஆறு வருசமாச்சு. வந்த நாள்ல இருந்து ஒரு அடி ஓடினதில்லை. ஆனா மனுசனுக்கு அது மேல உசுரு. தினமும் துடைப்பார். மத்தியானம் சோறு தின்னதும் உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே ஒரு தூக்கம் போடுவார். கனவுல அவர் பழனி வரைக்கும் போயிட்டு வந்ததா கேள்வி.

அவர் சம்சாரம் மயிலாத்தாளுக்குப் பொறுமை ஒருநாள் தீர்ந்து போச்சு.

"ஏனுங்க, நான் மசாலா அரைக்கிற மெஷின் போடப் போறேன். ரெண்டு மாசம் கழிச்சு சித்திரை முதல் வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு மெஷினோட வருவேன். அப்ப இந்த ஷெட்டு காலியா இருக்கோணும். உங்க காரு தன்னால ஓடி ஷெட்டை விட்டுப் போச்சுன்னா அது உங்க கிட்டயே இருக்கட்டும். இல்லீன்னா அன்னிக்கே பழைய இரும்புக்காரன் வண்டியில ஏத்திருவேன்."

நாச்சிமுத்துக்கு அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை. மயிலாத்தாள் சொன்னா சொன்னதுதான். கார் போயிட்டா மத்தியானம் எங்கே போய்த் தூங்கறது?

மறுநாளே ரெண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருத்தன் பொங்கியண்ணன், மயிலாத்தாளோட தம்பி. கொத்தனார்களுக்குச் சாந்து குழைச்சுக் குடுக்கிறவன். அதனால கட்டட வேலை பத்தி ஒரே ஒரு விசயம் தெரியும். இன்னொருத்தர் பக்கத்து வீட்டுத் திருமூர்த்தி, ரிடையர்டு பஸ் கண்டக்டர். விசில் இன்னும் கழுத்துல தொங்குது. மூணு பேருக்கும் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்கறதை மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்க. அந்த ஒரு விசயத்துலதான் அவங்க புத்திசாலிங்க.

சொல்லித் தர பொள்ளாச்சியில அமானுல்லா மேஸ்திரி இருந்தார். அவர் ஒர்க்‌ஷாப்புல நிக்க நேரமில்லாத வேலை. "என்னால வர முடியாது, போன்ல சொல்றேன், நீங்க செய்யுங்க"ன்னுட்டார். பாவம், இவங்க யாருன்னு அவருக்குத் தெரியாது.

"முதல்ல இன்ஜினைக் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க. கழட்டறதையெல்லாம் வரிசையா நோட்டுல எழுதிக்கோங்க. கடைசியா கழட்டினதை முதல்ல மாட்டணும். முதல்ல கழட்டினதைக் கடைசியா மாட்டணும். வரிசை மாறக் கூடாது, ஆமா!"

நாச்சிமுத்து புது நோட்டு வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டு உட்கார்ந்தார். வெயில் கொளுத்துது. வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பொங்கியண்ணன் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டினான். நாச்சிமுத்து எழுதினார்: 'ஒன்று. பொங்கியண்ணன் சட்டை.'

"மாமா, சட்டையுமா?"

"கழட்டறதையெல்லாம்னாரு மாப்ள. சட்டையைத் தவிரன்னு சொன்னாரா?"

திருமூர்த்தி யோசிச்சுப் பார்த்துட்டு, "சொல்லலைங்கண்ணா"ன்னார்.

அப்புறம் பானெட், பேட்டரி, ரேடியேட்டர்னு நோட்டு வளர்ந்துக்கிட்டே போச்சு. மொத்தம் இருநூத்திப் பதினாலு சாமான். எல்லாத்தையும் மாட்டி முடிக்கிற வரைக்கும் பொங்கியண்ணன் சட்டை ஆணியிலேயே தொங்குச்சு. நடுவுல அவன் மச்சினிச்சி கல்யாணம் வந்தது. வெத்து உடம்போட மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டுப் போனான். சமையக்காரன்னு நெனச்சுப் பந்தியில பாதிப் பேர் அவன்கிட்ட ரசம் கேட்டாங்க. கேட்டா ஊத்தத்தானே வேணும், அவனும் ஊத்தினான்.

இன்ஜினைத் துடைச்சாச்சு. எப்படி மாட்டறதுன்னு மறுபடி போன் போட்டாங்க.

"எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டுங்கய்யா!"ன்னு மேஸ்திரி கத்தினார். அவர் கையில அப்போ வேறொருத்தர் கியர் பாக்ஸ் இருந்தது.

அப்படியேன்னா அப்படியே. கார்புரேட்டர் பக்கத்துல இருந்த எலிக்கூட்டை நோட்டுல நூத்து நாப்பதாவதா எழுதியிருந்தாங்க. எலி எங்கேயோ போயிருச்சு, கூடு பத்திரமா இருந்தது. அதைப் பழைய இடத்துலயே அலுங்காம வச்சாங்க. ஒயர்ல எலி கடிச்சிருந்த இடத்தைத் துடைச்சு, கடிச்ச பக்கம் மேலே இருக்கிற மாதிரியே மாட்டினாங்க. கடைசியா பொங்கியண்ணன் சட்டை. பொத்தான் போட்டு முடிச்சதும் மூணு பேரும் கை குலுக்கிக்கிட்டாங்க. சாவியைத் திருப்பினா சத்தமே இல்லை.

நாச்சிமுத்துக்குச் சந்தோசம் தாங்கலை. போனை எடுத்தார்.

"மேஸ்திரி, வேலை அம்சமா முடிஞ்சுதுங்க. ஒரு துளி மாத்தமில்லை. முன்னாடி எப்படி ஓடாம இருந்துச்சோ, அச்சு அசலா அதே மாதிரி ஓடாம இருக்குதுங்க!"

அந்தப் பக்கம் ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. போன் கெட்டுப் போச்சோன்னு நாச்சிமுத்து ரெண்டு தட்டு தட்டினார்.

எலிக்கூட்டை எடுக்கணும், ஒயர் மாத்தணும், புது பேட்டரி வைக்கணும்னு மேஸ்திரி ஒவ்வொண்ணா சொன்னார். "ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தி, கீழே சொட்டுதான்னு கண்ணெடுக்காம பாருங்க"ன்னும் சொன்னார். அந்த வேலை திருமூர்த்திக்கு. பாயைப் போட்டு கார் முன்னாடி படுத்துப் பார்த்தார். மத்தியானம் ஆச்சு, பொழுது சாஞ்சுது.

"என்னங்க திருமூர்த்தி, சொட்டுச்சா?"

"காலையில ஆரம்பிச்சதுங்கண்ணா. நிக்காம சொட்டுச்சு. இப்பத்தான் முழுசும் சொட்டி முடிஞ்சுது."

"அட கடவுளே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"பாருங்கன்னுதானே சொன்னாரு. பார்த்தேன்."

அதுல தப்பு எங்கேன்னு நாச்சிமுத்துக்குப் பிடிபடலை. 'நாமளா இருந்தாலும் பார்த்துக்கிட்டுத்தான் படுத்திருப்போம்'னு நெனச்சுக்கிட்டார். அது உண்மையும்தான். ஓட்டையை அடைச்சுக்கிட்டு வர பொள்ளாச்சிக்கும் ஊருக்குமா நாலு நாள் அலைஞ்சாங்க.

அதுக்குள்ள கடைசி வாரம் வந்துருச்சு. திங்கக்கிழமை மயிலாத்தாள், மெஷின் ஓட்டிப் பழகி அதைக் கையோட கொண்டு வரணும்னு கோயமுத்தூர் கிளம்பினா. "வெள்ளிக்கிழமை பத்து மணி"ன்னு வாசல்ல நின்னு விரலை ஆட்டிட்டுப் போனா. அந்த விரல் நாச்சிமுத்துக்கு அன்னிக்குப் பூரா கண்ணுக்குள்ளேயே நின்னுது.

செவ்வாய்க்கிழமை பெயிண்ட் அடிச்சாங்க. நல்ல மயில் கழுத்து நெறம். அடிச்சு முடிச்சுக் கேட்டப்போ மேஸ்திரி சொன்னார்: "காயற வரைக்கும் தூசி துரும்பு உள்ளே வரக் கூடாது. வாசலை நல்லா அடைச்சு வைங்க."

ஷெட்டுக்குக் கதவு கிடையாது, வெறும் வாசல்தான். மூணு பேரும் அது முன்னாடி நின்னாங்க.

"படுதா கட்டலாங்களா?"ன்னார் திருமூர்த்தி.

"அடிக்கிற காத்துல படுதா ஆடுமுங்க. நல்லா அடைங்கன்னாரு, ஞாபகம் இருக்கட்டும்."

பொங்கியண்ணன் தொண்டையைச் செருமினான். சாந்து குழைக்க ஒரு வேலை வந்துருச்சு. "மாமா, ஹாலோ பிளாக்குல ஒரு செவுரு எழுப்பிட்டா ஈ எறும்பு நுழையாது."

அடடா, என்ன மூளைன்னு நாச்சிமுத்து மச்சினன் முதுகுல தட்டினார். சாயங்காலத்துக்குள்ள வாசல் முழுக்கச் செவுரு நின்னுது. பூச்சு வேலை முடிஞ்சு கையைக் கழுவப் போனப்போதான் ஒண்ணு தெரிஞ்சுது. மூணு பேரும் உள்ளே நின்னுக்கிட்டுக் கட்டியிருக்காங்க. பக்கத்துல இருந்த சின்ன சன்னல் வழியா ஒருத்தரை ஒருத்தர் தள்ளி வெளியே வந்தாங்க. திருமூர்த்தி கொஞ்சம் தொப்பை. அவருக்கு மட்டும் விளக்கெண்ணெய் தேவைப்பட்டது.

வியாழக்கிழமை பெயிண்ட் காஞ்சுது. சன்னல் வழியா உள்ளே இறங்கி, நாச்சிமுத்து குலதெய்வத்தைக் கும்பிட்டு சாவியைத் திருப்பினார். கார் இருமுச்சு. மறுபடி இருமுச்சு. அப்புறம், அட சாமி, கெளம்பிருச்சு! ஆறு வருசத்துல முதல் தடவை. நாச்சிமுத்து ஸ்டியரிங் மேல தலையை வச்சு அழுதுட்டார். கொஞ்ச நேரத்துல மத்த ரெண்டு பேரும் அழுதாங்க, அது புகையினால. போறதுக்கு வழியில்லாம புகை பூராவும் ஷெட்டுக்குள்ளேயே நின்னுது. இன்ஜினை அணைச்சுட்டு அலறி அடிச்சு மறுபடி சன்னல்ல ஏறினாங்க.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. கார் ஓடுது. ஆனா எப்படி வெளியே போகும்? அப்பத்தான் மூணு பேரும் செவுத்தை ஒழுங்காப் பார்த்தாங்க.

"செவுத்தை இடிச்சுட்டாப் போகுது"ன்னார் நாச்சிமுத்து.

பொங்கியண்ணன் அரண்டு போயிட்டான். கட்டட வேலையில அவனுக்குத் தெரிஞ்ச அந்த ஒரு விசயம் இதுதான். "மாமா, என்ன பேசறீங்க? புதுச் செவுத்துக்கு இருபத்தோரு நாள் தண்ணி காட்டோணும். அது வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. எந்தக் கொத்தனாரை வேணாலும் கேளுங்க."

மூணு நாளா அவன் காலையும் சாயங்காலமும் அந்தச் செவுத்துக்குத் தண்ணி அடிச்சுக்கிட்டு இருந்தான். மத்த ரெண்டு பேரும் தலையை ஆட்டினாங்க. ஒரு முறைன்னு இருக்கில்லே?

"மணி எட்டரைங்கண்ணா"ன்னார் திருமூர்த்தி.

இரும்புக்காரன் வண்டியில அவர் கார் குப்புறக் கெடக்கற மாதிரி கண்ணுல தெரிஞ்சுது. இத்தனை பாடுபட்டு, ஓடற காரைத் தூக்கிக் குடுக்கறதா? 'நாச்சிமுத்து, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருந்தா இன்னிக்காவது அதைக் கொஞ்சம் அசைச்சுப் பாருடா'ன்னு தன்னையே திட்டிக்கிட்டார். ஆச்சரியம், அது அசைஞ்சுது.

"மாப்ள, புதுச் செவுத்துலதானே கை வைக்கக் கூடாது?"

"ஆமாங்க மாமா."

"பின்னாடி செவுரு?"

"அதுங்களா? அது உங்க அப்பாரு காலத்துச் செவுரு. நாப்பது வருசம் தண்ணி குடிச்சிருக்கு. தாராளமா இடிக்கலாம்."

கடப்பாரையை எடுத்தாங்க. ஒண்ணேகால் மணி நேரத்துல பின்பக்கச் செவுரு தரைமட்டம். நாச்சிமுத்து காரைக் கெளப்பினார். திருமூர்த்தி இடிஞ்ச கல்லு மேல நின்னு விசில் ஊதினார். "வரலாம், வரலாம், வரலாம்... லெப்ட்டு ஒடிங்க... ரைட், ரைட்!" ஃபியட் கல்லு மேல ஏறி இறங்கி, தன்னால ஓடி, ஷெட்டை விட்டு முழுசா வெளியே வந்து நின்னுது. மூணு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. மணி ஒம்போது அம்பத்தஞ்சு.

பத்து மணிக்கு மினி லாரி வந்து நின்னுது. மயிலாத்தாள் இறங்கினா. ஷெட்டு வாசல் இருந்த இடத்துல ஈரச் செவுரு ஒண்ணு இருந்தது. அவளுக்கு ஒண்ணும் புரியலை. சன்னல் வழியா எட்டிப் பார்த்தா. உள்ளே ஒரே புழுதி மண்டலம். ஆனா ஷெட்டு சுத்தமா காலி.

"காரு எங்கீங்க?"

"ஓடிருச்சு மயிலா! தன்னால ஓடி ஷெட்டை விட்டுப் போயிருச்சு. நீ சொன்ன மாதிரியே!" நாச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுச் சொன்னார்.

அவ வீட்டுக் கதவைத் திறந்தா. நடுக்கூடத்துல, டிவிக்கும் பீரோவுக்கும் நடுவுல, மயில் கழுத்து நெறத்துல பளபளன்னு ஃபியட் நின்னுக்கிட்டு இருந்தது. இன்ஜின் இன்னும் அணைக்கலை. கூடத்துக் காலண்டர் புகையில ஆடிக்கிட்டு இருந்தது. பின்னாடி, கூடத்துக்கும் ஷெட்டுக்கும் பொதுச் செவுரு இருந்த இடத்துல, ஷெட்டு தெரிஞ்சுது.

மயிலாத்தாள் வாசப்படியிலேயே உட்கார்ந்துட்டா. லாரி டிரைவர் பின்னாடி இருந்து கேட்டார்:

"அக்கா, மெஷினை எங்கே இறக்கறது?"

"ஷெட்டுக்குத்தாங்க"ன்னு நாச்சிமுத்து உற்சாகமா முன்னாடி வந்தார். "முன்பக்கம் ஆகாது, செவுரு பச்சையா இருக்கு. இப்படிக் கூடத்து வழியா கொண்டு வாங்க. காருதான் வழியில நிக்குது. அதைக் கொஞ்சம் முன்னாடி நகர்த்திட்டாப் போதும்."

"முன்னாடி என்னங்க இருக்கு?"ன்னு மயிலாத்தாள் ஈனக் குரல்ல கேட்டா.

"சமையக்கட்டுதான், மயிலா. நீ ஒண்ணும் கவலைப்படாதே"ன்னார் நாச்சிமுத்து. பொங்கியண்ணன் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்ச் செவுத்தைத் தட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தான்.

"மாமா, இதுவும் பழசுதான்!"ன்னு உள்ளே இருந்து சந்தோசமா ஒரு குரல் வந்தது. கூடவே திருமூர்த்தியோட விசிலும்.