லாசர் அண்ணனுக்கு ஒரு பிரஷ்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது கத்திச் சொல்லுகிற கதை இல்லை.

தூத்துக்குடியில் செபஸ்தியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். சவரத்துக்கு முன்னால் முகத்தில் சோப்பு நுரை போடுகிற பிரஷ்ஷை, அவரவர் கேட்கிற மாதிரி செய்து கொடுப்பாள். பேட்ஜர் என்று, வளை தோண்டி வாழும் சீமைப் பிராணி ஒன்று உண்டு. அதன் முடியை வரவழைத்துக் கட்டுவாள், மரத்தில் கைப்பிடி கடைவாள். அவளிடம் தொழில் படித்தவன் சூசை. தலையெல்லாம் நரைத்தபிறகு படிக்க வந்தவன்.

ஒருநாள் சூசைக்குக் கை ஓடவில்லை.

"என்னலே, முடியை ஊறப்போடச் சொன்னா நீ ஊறிக்கிட்டு இருக்க?"

சூசை சொன்னான். அவன் அண்ணன் லாசர் முகத்தில் முன்பு ஸ்டவ் வெடித்துவிட்டது. வெந்து ஆறின கன்னத்தை யாரையும் தொடவிடமாட்டார். தாடி திட்டுத்திட்டாக வளர்ந்து கிடக்கிறது. இந்த வாரம் அவர் மகள் ஜெசிந்தாவுக்கு மாதா கோயிலில் கல்யாணம்.

"'நீயே மழிச்சுவிடு. ஒரு தடவை சுருக்குன்னாலும் எந்திரிச்சிருவேன். பொறவு பிள்ளையைப் பீடத்துக்கு நீயே கூட்டிட்டுப் போ'ன்னுட்டாரு அக்கா. அப்பன் உயிரோட இருக்கையில சித்தப்பன் கூட்டிட்டுப் போறதா? எந்த முடி குத்தாது, சொல்லுங்க."

செபஸ்தியம்மாள் மூன்று முடிக்கட்டுகளை வெந்நீரில் முக்கி முன்னால் வைத்தாள். "நீயே பாரு."

சூசை ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் சுழற்றினான். அந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"நடுவுல உள்ளது பஞ்சு அக்கா!"

அவள் ஆவி பறக்கிற டீ டம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

"சுடுதா?"

"இந்தக் கைக்கா? அடுப்புக்கரியையே எடுக்கும்."

"கன்னத்துல வையி."

வைத்தான். "யம்மா!" என்று துள்ளியதில் பாதி டீ வேட்டியில்.

பிறகு மூன்றையும் கண்ணிமை மேல் வைத்துப் பார்த்தான். பஞ்சு என்றானே, அது முள்ளாகக் குத்தியது. ஓரத்தில் இருந்ததுதான் இதமாக இருந்தது.

"இது குத்தாதுல்லக்கா?"

"உன் இமைக்குக் குத்தலை."

"அண்ணனுக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தொடவே விடமாட்டாரே! வேற எப்படித்தான் பார்க்க?"

செபஸ்தியம்மாள் களிமண்ணைப் பிசைந்து உருட்டினாள். பிரஷ்ஷைப் பிடிக்கப்போகிறவர் அந்த உருண்டையை அழுத்திப் பிடிக்கவேண்டும். விரல் பதிந்த வாகுக்குத்தான் அவள் கைப்பிடி கடைவாள். சூசை கையை நீட்டினான்.

அவள் அதை அவன் கையில் வைக்கவில்லை. ஈரத்துணியில் சுற்றி அவன் பைக்குள் போட்டாள்.

"அண்ணன் பிடிக்கட்டும்."

"மழிக்கப்போறது நான்தானே அக்கா?"

"கத்தியை நீ பிடி."

சூசை பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் களிமண்ணைக் கொண்டுவந்தது லாசர். துண்டால் முகத்தை மூடியிருந்தார். பின்னால் சூசை நின்றான்.

செபஸ்தியம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மண்ணில் இருந்த விரல்பள்ளங்களைத் தடவிப் பார்த்தாள்.

"குத்துமா தாயி?" என்றார் லாசர்.

"குத்துனா நிறுத்திக்கிடுங்க அண்ணாச்சி. கை உங்களதுதானே" என்றபடி மரக்கட்டையைக் கடையத் தொடங்கினாள்.