பெட்ரோல் கடை வாசலில் எலுமிச்சம்பழம்

அந்த மலைக்கிராமத்தில் பெட்ரோலுக்குத் தவசிக்கனி கடையை விட்டால் வேறு கதியில்லை. பாட்டிலில் ஊற்றி, அவர் வைத்ததே விலை. பொறுத்துப் பார்த்த ஊர், "நாளைக்கு ஒருத்தரும் வாங்கக் கூடாது" என்று கூடி முடிவெடுத்தது. அன்று சாயங்காலமே ஆளுக்கு இரண்டு பாட்டில் வாங்கிப் பத்திரப்படுத்தியது.

தவசிக்கனி விழுந்து விழுந்து சிரித்தார். பஞ்சர் ஒட்டும் மாடத்தியைப் பார்த்து, "ஏட்டி, வாங்கி வச்சது தீர்ந்த பிறகும் ஒருத்தனும் என் வாசலை மிதிக்கலைன்னா, விலையைப் பாதியாக்குதேன்!" என்றார்.

"சொன்ன சொல்லு மாற மாட்டியளே அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள் அவள்.

பாட்டில்கள் தீர்ந்த அன்று, விடிந்து பனி விலகியபோது, கடை வாசலில் குங்குமம் பூசிய எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது. அதில் ஊசி குத்தியிருந்தது. வந்த வண்டியெல்லாம் சத்தம் காட்டாமல் திரும்பியது. நாய்கூட அந்தப் பக்கம் அண்டவில்லை.

பொழுது சாயும்வரை பொறுத்த தவசிக்கனி, "எவன் வச்சான் இதை? எடுத்து எறிங்கலே!" என்று கத்தினார்.

"நீங்களே எடுங்களேன் அண்ணாச்சி," என்றாள் மாடத்தி.

அவருக்குக் கை வரவில்லை. "பாதி விலைதான், போதுமா? எடுத்துத் தொலைட்டி!"

சிரித்தபடி குனிந்த மாடத்தி அப்படியே நின்றாள்.

"ஒண்ணைத்தான் என்னால எடுக்க முடியும் அண்ணாச்சி. பக்கத்துல கிடக்க இன்னொரு பழம் நான் வச்சதில்ல."